வயதானவர்களை ஆஸ்டியோபதிக்கு அழைத்துப் போகும்போது

"அங்க நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்த மூணாம் நாளே பழையபடி ஆயிடுச்சு." சிங்கப்பூரில் அம்மா அப்பாவை ஆஸ்டியோபதிக்குக் கூட்டிப்போனவர்கள் அடிக்கடி இப்படிச் சொல்வார்கள். கையால் செய்யும் இந்தச் சிகிச்சை மூட்டைக் கொஞ்சம் இளக்கும், வலியைச் சில நாள் தணிக்கும். அந்தச் சில நாளில் எழுந்து நடக்கப் பழக்கினால்தான் பலன் தங்கும். மூட்டுத் தேய்மானத்தை அது திருப்பிவிடாது.

முந்தின நாளே மாத்திரைப் பைகளை எல்லாம் மேசையில் கொட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எல்லாருக்கும் நினைவிருக்கும். விட்டுப்போவது வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போடும் அலெண்ட்ரோனேட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும். இரண்டும் எலும்பு மெலிவுக்குத் தருபவை. வீட்டில் எல்லாவற்றையும் 'தேய்மானம்' என்றே சொல்லிவிடுகிறோம். தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, மெலிவது எலும்பே. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால், சொடுக்கு எடுக்கிற வேகமான தள்ளல் வேண்டாம் என்று சிகிச்சை மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வார்ஃபரின், அபிக்சபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும், நெடுநாளாகப் போடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் மறைக்காதீர்கள். கழுத்தைத் திருகிச் சொடுக்குவதற்கு மட்டும் இந்த வயதில் சம்மதிக்கவே வேண்டாம். ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. வந்தால் இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அரிசி மூட்டையைத் தூக்கியதும் முதுகில் திடீரென வலி வந்ததா? முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம், முதலில் எக்ஸ்ரே. சமீபத்தில் விழுந்திருந்தாலும், காய்ச்சலோ எடைக் குறைவோ வலியோடு சேர்ந்திருந்தாலும் முதலில் அரசாங்கப் பலதுறை மருந்தகமான பாலிகிளினிக். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும்.

சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டுகள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள். ஆஸ்டியோபதி செய்பவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அதனால் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்தவர் என்றால், அந்த நாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். மெடிசேவ் மருத்துவச் சேமிப்போ சாஸ் மானிய அட்டையோ இதற்கு உதவாது. கைக்காசுதான்.

முதல் சந்திப்புக்கு முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்து வையுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் குறைந்தால் விழும் அபாயம் கூடுதல்.

பலரை எழவிடாமல் பிடித்துவைப்பது கணுக்கால். அது இறுகிப்போனால் குதிகால் தரையில் பதியப் பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்து வைக்க முடியாது. உடம்பு பின்னாலேயே சாய்ந்து நிற்கும். இதற்கு மெதுவான முறை ஒன்று இருக்கிறது. சிகிச்சையாளர் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தின் அடியில் ஒட்டவைத்து, பாதம் தடுத்து நிற்கும் இடம்வரை மேலே மடக்குவார். பாட்டி அந்தக் கையை எதிர்த்து லேசாகக் கீழே அழுத்த வேண்டும், ஐந்து விநாடி. தளர்த்தியதும் பாதம் இன்னும் கொஞ்சம் மேலே வரும். இப்படி மூன்று முதல் ஐந்து முறை. தப்பு எங்கே நடக்கிறதென்றால், 'அழுத்துங்க' என்றதும் முழுப் பலத்தையும் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கெண்டைக்கால் சுளுக்கிக்கொள்ளும், ரத்த அழுத்தமும் ஏறும். தமிழிலேயே வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களுக்கு நீங்கள் உள்ளே கூடவே இருப்பது இதற்காகத்தான்.

கூன் இருந்தால் தலைக்கு இரண்டு தலையணை கேளுங்கள். முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். படுத்தே இருந்துவிட்டு எழுந்தால் அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றும். மேசை ஓரத்தில் கால் தொங்க உட்காரவைத்து, பாதத்தைப் பத்துமுறை மேலும் கீழும் ஆட்டச்சொல்லி, இரண்டு நிமிடம் கழித்து நிற்கவைக்கலாம்.

ஒன்றிரண்டு நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும், அது வழக்கம்தான். அதைத் தாண்டி வலி கூடினாலோ காலில் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வலி அடங்கிய நாள்களில் அதே நாற்காலியில் காலை ஐந்து, மாலை ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். பாவாடையோ கால்சட்டையோ போட ஒற்றைக்காலில் நிற்பதை விட்டு, கட்டிலில் உட்கார்ந்து போடட்டும். வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்கள் இருந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நடத்தும் ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடிக்கு விண்ணப்பியுங்கள். மானியம் 95 விழுக்காடு வரை உண்டு.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகு மறுபடி 30 விநாடி எண்ணுங்கள். எண்ணிக்கை நகரவே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு பாலிகிளினிக்கில் பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள்.