மலை, புகை, பல் கறை

தத்துவம் படித்து என்ன கிடைத்தது என்று தருமபுரிப் பக்கம் இன்றும் கேட்கிறார்கள். ஐஏஎஸ் தேர்வில் அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாளுக்கு 500 மதிப்பெண் என்றால் கேட்டவர் சமாதானமாகிவிடுவார். பொய்யில்லை. ஆனால் சரக்கு தர்க்க வகுப்பில்தான் இருந்தது என்பது நம்மோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பாடம் மலையில் தொடங்கும். இம்மலையில் நெருப்பு உண்டு; புகை இருப்பதால்; அடுக்களை போல. மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொன்ன பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) இவையே. நியாயம் என்ற தர்க்க மரபின் நூலார் உபநயம் (எடுத்துக்காட்டை இம்மலைக்குப் பொருத்துவது), நிகமனம் (முடிவு) சேர்த்து ஐந்தாக்குவர். இதைத் திருப்பிப் போடும்போதுதான் மாணவர்கள் சறுக்குவார்கள்: நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று எழுதிவிடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் புகை ஏது? புகைக்கு ஈர விறகும் வேண்டும். சொல்லப்படாமல் ஒளிந்திருக்கும் அந்த நிபந்தனைதான் உபாதி.

நம் தருமபுரி மாவட்டத்தில் பலருக்கும் இருக்கும் பல் கறையையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவங்க பரம்பரையே அப்படித்தான்" என்பார்கள். ஒரு வீட்டில் பலருக்குக் கறை, ஆகவே பரம்பரை என்பது வாதம். ஆனால் அந்த வீட்டார் ரத்தத்தைப் போலவே போர்வெல் தண்ணீரையும் பகிர்கிறார்களே. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆளைத் தேட வேண்டும். கைக்குழந்தையிலேயே பெங்களூருக்குப் போய் வளர்ந்த சித்தப்பா மகனுக்குக் கறை இல்லையென்றால் பரம்பரை வாதம் ஆட்டம் காணும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல் வகுத்த வேற்றுமை முறை இதுதான்.

உடனே ஒருவர் மடக்குவார்: வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகளும் இதே தண்ணீரைத்தானே குடிக்கிறாள், அவள் பல் வெள்ளையாக இருக்கிறதே? நல்ல கேள்வி. இங்கே உபாதி வயது. பல் உருவாகும் காலத்தில், சுமார் எட்டு வயதுக்குள், குடிக்கும் தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு மிகுந்தால்தான் எனாமலில் கறை விழும். (எலும்பு பாதிக்க அந்த வயது வரம்பு கிடையாது, மருமகளுக்கும் போர்வெல்லைவிட, ஒகேனக்கலிலிருந்து குழாயில் வரும் காவிரிக் குடிநீர்தான் நல்லது.) தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று சொல்வது வேதியியல். யாரிடம் போய் எதைக் கேட்பது என்று வகுத்துத் தருவது தர்க்கம்.

பிள்ளைகளைத் தத்துவத்தில் சேர்க்க நினைக்கும் நம்மவர்கள் கல்லூரியின் கட்டிட அழகைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். தர்க்கத்துக்குத் தனித் தாள் உண்டா? மூல நூலை வகுப்பில் வரிவரியாகப் படிக்கிறார்களா, கைடு போதுமென்று விடுகிறார்களா? எதிராளியின் கட்சியை, அவரே ஒப்புக்கொள்ளும்படி பூர்வபட்சமாக எழுதிவிட்டு மறுக்கச் சொல்லும் ஆசிரியர் ஒருவராவது இருந்தால் யோசிக்காமல் சேர்க்கலாம்.