உப்பு நீரில் விழுந்த கேமராவும் காப்பீட்டுக்காரர்களும்

தனுஷ்கோடியில் என் கேமரா போய்விட்டது. அதற்கான காப்பீட்டுத் தொகை கடந்த வாரம்தான் வங்கிக் கணக்கில் ஏறியது. தொகை முழுதாக வரவில்லை, ஆனால் வந்தது. இதற்காக நான் நின்ற வாசல்களையும் கேட்ட பதில்களையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஈரமான இடங்களுக்குக் கேமராவைத் தூக்கிச் செல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். எந்தக் காகிதத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பது யாருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது என்றே இதை எழுதுகிறேன்.

கேமரா நிக்கான் டி500. 2016இல் வந்த மாடல். நொடிக்குப் பத்துப் படம், 153 குவியப் புள்ளிகள், விடியலின் மங்கல் வெளிச்சத்திலும் பறவையைக் குவியத்தில் பிடித்துவிடும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை என்று எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தது. இருட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று என் விரல்களுக்கே தெரியும். இந்த மாடலின் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது. கெட்டுப்போனால் கடைக்குப் போய்ப் புதிதாக இன்னொன்று வாங்கிக்கொள்ள முடியாது. என் துயரத்தில் பாதி அதுதான்.

விபத்து நடந்தது 2025 பிப்ரவரியில். அந்த ஆண்டு ஜூனில்தான் தமிழக அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. இது அதற்கு முந்தைய பருவம். கோதண்டராமர் கோயில் பக்கம், பாக் விரிகுடாவை ஒட்டிய ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நான் வெகுதூரத்தில், கணுக்கால் அளவு நீரில் முக்காலியை ஊன்றி நின்றேன். பின்னாலிருந்து நான்கைந்து தெருநாய்கள் பூநாரைகளை நோக்கிப் பாய்ந்தன. கூட்டம் நீர்மேல் ஓடி எழும்பத் தொடங்கியது. எழும்பும்முன் பூநாரை சில அடி ஓடித்தான் ஆக வேண்டும். அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய் முக்காலியின் காலில் முழு வேகத்தில் மோதியது. கேமராவின் பின்பக்கம் நீருக்குள் போக, லென்ஸின் முன்பக்கம் மட்டும் மேலே தெரிந்தது.

உடனே பாட்டரியைக் கழற்றினேன், பிறகு நினைவக அட்டையை. இதில் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். கேமரா உயிரோடு இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பும் அந்தக் கணமே தொடங்கிவிடும். பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தம் குடிதண்ணீர்க் குடத்தையே கொண்டுவந்து கொடுத்தார். துணியை நனைத்து நனைத்து மேல் உப்பைத் துடைத்தோம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லித் தொலைபேசியில் எல்லோரும் ஆலோசனை கூறினார்கள். அரிசியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பைத் தின்னும். எவ்வளவு சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குப் போகிறோமோ அவ்வளவு நல்லது.

அங்கே இருந்த பொறியாளர் நல்ல மனிதர். மூடியைத் திறந்து காட்டினார். மின்பலகையில் (சர்க்யூட் போர்டில்) பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. லென்ஸ் பிழைத்துக்கொள்ளும் என்றும், கேமரா உடலைப் பழுது பார்க்கும் செலவு அதன் மதிப்பைத் தாண்டிவிடும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

இனிக் காப்பீடு. என்னிடம் இருந்தது கையில் எடுத்துச் செல்லும் பொருள்களுக்கான ஆல் ரிஸ்க் பாலிசி. விபத்தன்றே ராமேசுவரத்திலிருந்து தொலைபேசியில் சொல்லி, கிளெய்ம் எண் வாங்கி, மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அதுவரை எல்லாம் சரி.

பிறகு கிளை அலுவலகத்தில் இருந்தவர் முதல் குண்டைப் போட்டார்: “எஃப்ஐஆர் கொண்டு வாங்க சார். இல்லாமல் கோப்பு நகராது.”

“திருட்டு இல்லை, நாய் மோதிக் கீழே விழுந்தது” என்றேன்.

“படிவத்தில் கேட்டிருக்கிறது” என்றார். படிவத்தைப் பார்த்தேன். ‘பொருந்துமானால்’ என்ற சொல் அதிலேயே இருந்தது. காட்டினேன். பார்க்க மறுத்துவிட்டார்.

மதுரையில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டால், சம்பவம் நடந்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள். இணையத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களுக்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை. ஆக, மறுபடியும் ராமேசுவரம் தீவுக்குப் பயணம். அப்போது புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படவில்லை. ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, காவல் நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த உதவி ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால்தான் எஃப்ஐஆர் என்றும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154இல் இருந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173இல் இருக்கிறது என்றும் விளக்கினார். “இதில் குற்றமே இல்லையே சார், யார்மேல் போடுவது?” என்று கேட்டுவிட்டு, என் மனுவை வாங்கிக்கொண்டு அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார். மனுவில் தேதி, இடம், கேமராவின் மாடல், விழுந்த விதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த ஒரு தாள் எனக்குப் பின்னால் பெரிதும் கைகொடுத்தது. எஃப்ஐஆர் ஏன் பொருந்தாது என்று சட்டப் பிரிவோடு ஒரு கடிதம் எழுதி, ரசீதை இணைத்து, பதிவு அஞ்சலில் அனுப்பினேன். அதன்பின் எஃப்ஐஆர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்தது கேமராவின் வரிசை எண் (சீரியல் நம்பர்). கடைக்காரர் கொடுத்த பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது. பாலிசி அட்டவணையிலும் அப்படியே. “விழுந்தது இதே கேமராதான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வழியும் கையிலேயே இருந்தது. இந்தக் கேமரா எடுக்கும் ஒவ்வொரு மூலக் கோப்பிலும் (ரா ஃபைல்) கேமராவின் வரிசை எண் பதிந்திருக்கும். கேமராவை வாங்கிய புதிதில் எடுத்த படங்களையும், நீரிலிருந்து மீட்ட அட்டையில் இருந்த கடைசிப் படங்களையும் கணினியில் அவர் கண்முன்னே திறந்து, எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதைக் காட்டினேன். கடைசிப் படங்களில் தேதியும் நேரமும் இருந்தன. கைபேசியோடு இணைத்திருந்ததால் இடமும் பதிவாகியிருந்தது. ஓடி எழும்பும் பூநாரைகளும், படத்தின் ஓரத்தில் முன்னால் பாய்ந்துவிட்ட ஒரு நாயும் தெரிந்தன. மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இதைவிட என்ன வேண்டும்” என்றார். இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அதுதான். பழைய மூலக் கோப்புகளில் சிலவற்றையாவது அழிக்காமல் வையுங்கள்.

மதிப்பீட்டாளர் போனபின் அலுவலகத்திலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் என்று சந்தேகப்பட்டார்கள். தொழிலுக்குப் பயன்படுத்தினால் என் பாலிசி செல்லாது. சந்தேகத்துக்கு ஆதாரம் என்னவென்றால், நான் இணையத்தில் போடும் படங்களின் மூலையில் என் பெயர் இருக்கிறதாம்! பெயர் போடுவது படத்தை யாரும் திருடாமல் இருப்பதற்காக. நான் பள்ளி ஆசிரியர். ஒரு படத்தைக்கூட விற்றதில்லை. பள்ளியிலிருந்து பணிச் சான்று, வருமான வரிக் கணக்கு, முத்திரைத்தாளில் உறுதிமொழி என்று மூன்றையும் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

இவ்வளவும் முடிந்து, மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி: மின்பலகைப் பழுது, இயந்திர மற்றும் மின் கோளாறுகள் பாலிசியில் விலக்கப்பட்டவை.

அந்தக் கடிதத்தைப் படித்த இரவு தூங்கவில்லை. மறுநாள் நிதானமாகப் பாலிசியின் முழு வாசகத்தையும் எடுத்து வரி வரியாகப் படித்தேன். தானாக ஏற்படும் மின் கோளாறுதான் விலக்கு. வெளியிலிருந்து வந்த விபத்தால் ஏற்படும் சேதம் பாலிசிக்குள்தான் வருகிறது. காப்பீட்டுச் சட்டத்தில் அண்மைக் காரணம் என்றொரு கொள்கை உண்டு: சேதத்தை உண்மையில் விளைவித்த முதன்மையான காரணம் எது என்றுதான் பார்க்க வேண்டும், சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. மின்பலகை கெட்டது உப்பு நீரால். உப்பு நீர் புகுந்தது கேமரா விழுந்ததால். கேமரா விழுந்தது நாய் மோதியதால். இதில் கோளாறு எங்கே இருக்கிறது?

சிக்கல் சர்வீஸ் சென்டரின் மதிப்பீட்டுத் தாளில் இருந்தது. அது மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியல். அதில் மின்பலகை என்ற சொல்தான் இருக்கும், காரணம் எழுத இடமே கிடையாது. பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். “கேட்டால் எழுதித் தருவோமே சார்” என்று, வெளியிலிருந்து புகுந்த உப்பு நீரின் அரிப்பால் மின்பலகை செயலிழந்தது என்று தனிக் கடிதமாக எழுதி, வரிசை எண் போட்டு, முத்திரை வைத்து, உட்புறப் படங்களோடு கொடுத்தார். நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: சர்வீஸ் அறிக்கை வாங்கும்போது என்ன கெட்டது என்பதோடு ஏன் கெட்டது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார், மின்னஞ்சல் முகவரி பாலிசியிலேயே அச்சாகியிருக்கும். வந்த பதில் பழைய வரியின் நகல். உடனே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்தேன். கூடவே, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்றும் நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரம், காரைக்கால் ஆகியவற்றுக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் நிராகரித்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் போகலாம். இதெல்லாம் தெரியாமல் மறுப்புக் கடிதத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டியிருக்கவில்லை. தளத்தில் புகார் ஏறியபின் வேறொரு அதிகாரி அழைத்தார். குரலே மாறியிருந்தது. கிளெய்மை மறுபரிசீலனை செய்து ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். எஃப்ஐஆர் கேட்டவரை அதன்பின் நான் பார்க்கவில்லை.

தொகையில் வெட்டுகள் உண்டு, எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வயதுக்கேற்ற தேய்மானம் போகும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு போகும். பொருளின் மதிப்புக்குக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால், பிரீமியம் மிச்சமாவதைப் போலத் தோன்றும். கிளெய்ம் வரும்போது அதே விகிதத்தில் தொகையையும் குறைத்துவிடுவார்கள். நான் முழு மதிப்புக்கு எடுத்திருந்ததால் அந்த வெட்டு விழவில்லை. கடைசியில் கேமராவையே ஒப்படைக்கச் சொன்னார்கள். பணம் கொடுத்துவிட்டால் மிச்சப் பொருள் அவர்களுடையது. கொடுக்க மனம் வரவில்லை. மிச்சப் பொருளின் மதிப்பைக் கழித்துக்கொண்டு நம்மிடமே விட்டுவிடும்படி கேட்கலாம். கேட்டேன், சிறு தொகை கழித்தார்கள். கேமரா என் அலமாரியில் இருக்கிறது.

வந்த பணத்தோடு கொஞ்சம் போட்டு, பயன்படுத்திய டி500 ஒன்றைத் தேடி வாங்கினேன். விற்றவரிடம் மூலக் கோப்பு ஒன்றைக் கேட்டு, வரிசை எண்ணையும் எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதையும் சரிபார்த்த பிறகே பணம் கொடுத்தேன். புதிய பாலிசி எடுக்கும்போது வரிசை எண்ணை அட்டவணையில் அச்சிடச் சொன்னேன். வந்த தாளில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அன்றே திருத்தம் கேட்டு எழுதினேன்; சரியான தாள் இன்று காலை வந்தது.