பீன்யா பட்டறைக் குறிப்புகள்: மாக்3-இலிருந்து லினக்ஸ்சிஎன்சிக்கு

ஜூன் 2

மூன்று அச்சு மில்லிங் மெஷினை இயக்கும் விண்டோஸ் மென்பொருளான மாக்3-ஐக் கழற்றி, லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சியைப் போடும் வேலை தொடங்கியது. சிக்கல் கணினியில்தான். மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும் ஓடும். அதற்கேற்ற மதர்போர்டு போனால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய சரக்கைத் தேடி அலைய வேண்டும். இனி கணினிக்கும் மோட்டார் டிரைவர்களுக்கும் நடுவில் மெசா 7ஐ96எஸ் கார்டு. ஈதர்நெட் கேபிளில் இணையும், ஐந்து அச்சுக்கான பல்ஸைத் தானே உருவாக்கும். கணினியின் பொறுப்பு 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கார்டோடு பேசுவது மட்டும்.

அந்த 1 மில்லிசெகண்ட் தவறக் கூடாது. வயரிங்கில் கை வைக்கும் முன் லேட்டன்சி (கணினியின் தாமதம்) டெஸ்ட்டை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். ஓடும்போதே பிரவுசரைத் திறந்து மூடுங்கள், பெரிய கோப்பைக் காப்பி செய்யுங்கள். சும்மா இருக்கும் கணினி நல்ல எண்ணைத்தான் காட்டும்.

ஜூன் 4

மோட்டார் கணக்கு. சுற்றுக்கு 200 ஸ்டெப், ஸ்டெப்புக்கு 10 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பிட்ச் (சுற்றுக்கு நகரும் தூரம்) பால் ஸ்க்ரூ: மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். இது மாக்3-இல் இருந்த அதே எண்.

வேகம் அப்படி இல்லை. மாக்3-இல் நிமிடத்துக்கு 3000 மி.மீ. என்று கொடுத்தது, இங்கே ஐ.என்.ஐ. (அமைப்புக்) கோப்பில் நொடிக்கு 50. பழக்கத்தில் 3000 என்றே அடித்தால் மோட்டார் கத்திக்கொண்டு நின்றுவிடும். ஆக்சிலரேஷன் இரண்டிலும் நொடிக்கணக்குதான், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பல்ஸை உருவாக்கும் ஸ்டெப்ஜெனுக்கான ஆக்சிலரேஷன் வரம்பு அச்சின் வரம்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அச்சுக்கு 400 என்றால் ஸ்டெப்ஜெனுக்கு 500. இரண்டையும் ஒன்றாக வைத்தால் ‘ஃபாலோயிங் எரர்’ (சொன்ன இடத்துக்கும் போன இடத்துக்கும் வித்தியாசம்) என்று அடிக்கடி நிற்கும், ஆட்கள் வயரிங்கைச் சந்தேகப்படுவார்கள்.

ஜூன் 7

பழைய புரோகிராம்களை (மெஷினுக்கான ஜி, எம் கட்டளைக் கோப்புகள்) சோதித்த நாள். ஆர்க் வெட்டில் வட்ட மையத்தைச் சொல்லும் ஐ, ஜே மதிப்புகள் அப்சொல்யூட்டாக (பூஜ்யப் புள்ளியிலிருந்து) எழுதப்பட்ட கோப்புகள் இங்கே ஆரம் பொருந்தவில்லை என்று எரர் காட்டி நிற்கும். லினக்ஸ்சிஎன்சியின் இயல்பு ஜி91.1, அதாவது இன்க்ரிமெண்டல் (ஆர்க் தொடங்கும் புள்ளியிலிருந்து). கோப்பின் தலையில் ஜி90.1 சேர்த்தால் ஓடும். நின்று சொல்லும் தவறு நல்ல தவறு.

சொல்லாத தவறு ஜி4, அதாவது காத்திருக்கும் கட்டளை. ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் தண்டு) வேகம் பிடிக்கட்டும் என்று ஜி4 பி3000 போட்டிருந்தோம். மாக்3-இன் செட்டிங்கில் அது மில்லிசெகண்ட், ஆக மூன்று நொடி. லினக்ஸ்சிஎன்சியில் பி எப்போதும் நொடி. 3000 நொடி என்றால் 50 நிமிடம். ஸ்பிண்டில் சுற்றும், டேபிள் அசையாது, எரர் எதுவும் வராது. ஹேங் ஆகிவிட்டது என்று யாராவது வைஸுக்குள் கை விட்டால் என்ன ஆகும்? எல்லா டேப் (.tap) கோப்புகளிலும் ஜி4 வரிகளைத் தேடி எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யின் ‘வேகம் வந்தது’ ரிலேயை கார்டின் இன்புட்டில் கொடுத்து, சிக்னல்களை இணைக்கும் ஹால் கோப்பில் ஸ்பிண்டில் அட்-ஸ்பீடு பின்னோடு இணைத்தோம். வேகம் வரும்வரை ஃபீட் (வெட்டும் நகர்வு) தானே காத்திருக்கும்.

பாதையில் நிற்காமல் தொடரவைக்கும் ஜி64-ஐ பி இல்லாமல் விட்டால் ஃபீடைக் காப்பாற்ற மூலைகளை உருட்டிவிடும். ஸ்டார்ட்அப் வரியில் ஜி64 பி0.02, அதாவது விலகல் 0.02 மி.மீ.க்குள்.

ஜூன் 11

என்ஜிசிகுய்: படிவம் நிரப்பி புரோகிராம் உருவாக்கும் லினக்ஸ்சிஎன்சி வசதி. இதற்காகவே மாறலாம். மாக்3-இன் விசார்டுகளில் அவர்கள் கேட்பதை நாம் நிரப்பினோம். இங்கே படிவத்தையே நாம் எழுதலாம். ஒரு சப்ரூட்டீன் (வேண்டும்போது அழைக்கும் துணை நிரல்) கோப்பு, அதன் பெயரும் சப்ரூட்டீன் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே #1, #2 என்று 30 வரை மதிப்புகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டு ஒரு எண்ணும் பெயரும் எழுதினால், அதுவே திரையில் கட்டமாகவும் இயல்பு மதிப்பாகவும் வரும்.

முதல் படிவம் பி.சி.டி. துளை, அதாவது ஒரு வட்டத்தின் மேல் சம இடைவெளியில் துளைகள். இசட் ஆழத்தைக் கேட்கவில்லை. பிளேட் தடிமன், டிரில் விட்டம் இரண்டையும்தான் கேட்கிறோம். 118 டிகிரி முனையின் நீளம் விட்டத்தில் 0.3 பங்கு. 16 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், எம்8 டேப்புக்கு 6.8 டிரில் என்றால் 16 + 2.04 + கூடுதல் 0.5, ஆக 18.54. அந்தக் கணக்கை மெஷின் பக்கத்தில் நின்று ஆள் போட வேண்டாம். ஃபீடும் அப்படியே: 1170 ஆர்.பி.எம்., சுற்றுக்கு 0.1 மி.மீ. கொடுத்தால் 117 என்று படிவமே பெருக்கிக்கொள்ளும். தமிழ், கன்னடம், இந்தி பேசும் ஆட்கள் ஒரே மெஷினில் நிற்கிறார்கள். அதனால் கட்டங்களுக்கு எல்லார் வாயிலும் இருக்கும் பட்டறைச் சொற்களையே வைத்தோம்.

எழுதும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. சைன், காஸ் எல்லாம் டிகிரியில், ரேடியனில் அல்ல. கணக்குக்குச் சதுர அடைப்பு மட்டுமே. வளைவு அடைப்பு என்றால் குறிப்புரை. எக்ஸ்10 (+5) என்று எழுதினால் எக்ஸ் 10-க்குத்தான் போகும், வாய் திறக்காது. டூல் மாற்றும் எம்6-க்குப் பின் டூல் நீளத்தை எடுத்துக்கொள்ளும் ஜி43 கட்டாயம், இல்லாவிட்டால் முந்தைய டூலின் நீளமே நடப்பில் இருக்கும். துளைகளுக்கு நடுவே ஜி99 வேண்டாம். ஆர் உயரத்திலேயே (பிளேட்டுக்குச் சற்று மேல்) நகர்ந்து கிளாம்பில் மோதும். படிவத்தில் தொடங்கிய உயரத்துக்கே திரும்பும் ஜி98-ஐ நிலையாக எழுதிவிட்டோம்.

ஜூன் 12

ஏர் கட் (காற்றில் வெறும் ஓட்டம்) சரி. இசட்டை 50 மி.மீ. தூக்கி வைத்து ஓட்டியது.

ஜூன் 13

90 மி.மீ. பி.சி.டி., 8 துளை. அடுத்தடுத்த மையங்களின் தூரம் 34.44 வர வேண்டும். டிரில் போட்ட துளை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அதனால் ஒரு பக்க அளவை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள சுவரையும், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டி இரண்டால் வகுத்தால் துளையின் பெருக்கம் அடிபட்டுப் போகும். எட்டு ஜோடியையும் எடுங்கள். எல்லாம் ஒரே அளவில் தள்ளியிருந்தால் பல்ஸ் கணக்கைப் பாருங்கள். அச்சு திசை திரும்பும் இடத்து ஜோடிகள் மட்டும் மாறினால் பேக்லாஷ் (ஸ்க்ரூவின் தளர்வு). டயல் கேஜை வைத்து அளந்து, ஐ.என்.ஐ. கோப்பில் அந்த அச்சுக்கான ஜாயிண்ட் பகுதியில் எழுதுங்கள்.