பேச வேண்டும் என்று எழுதி வைத்தேன்

மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக ஆறு மணி நேரம் ஆனது. சென்னையிலிருந்து இலங்கையின் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டது. கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். இறங்கியதும் பலகைகளில் தமிழ். கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தவரும் "எங்க தங்கப் போறீங்கள்?" என்று தமிழிலேயே கேட்டார். வெளிநாட்டுக்குப் படிக்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அடுத்த இரண்டு வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

நான் வந்தது தவிலுக்காக. எங்கள் வீட்டில் தாத்தா நாகஸ்வரம் வாசித்தவர். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே தணியும். தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில் பிறந்தவர், 1975இல் காலமானார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன நாகஸ்வர, தவில் குடும்பங்கள் இணுவிலிலும் அளவெட்டியிலும் எப்படி வேர்விட்டன என்பதைப் பற்றித்தான் என் ஆய்வு. அதற்காக யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டியிருந்தது.

இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுற்றுலா அனுமதியை எடுத்துக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் கடிதத்தை முதலில் கையில் வாங்கி, அதை வைத்துப் படிப்புக்கான அனுமதியோடு வந்து, பிறகு இங்கே வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். அதற்குக் கொழும்புப் பக்கத்துப் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். அந்தக் கதை பின்னால் வருகிறது. நம் ஒரு ரூபாய்க்கு இங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்பதால் முதல் வாரம் எல்லா விலையும் பயமுறுத்தும், பிறகு பழகிவிடும். மின்சாரச் செருகி, அதாவது பிளக் விஷயம் அப்படிப் பழகாது. புதிய வீடுகளில் மூன்று சதுர முள் செருகிதான், நம்முடையது உள்ளே போகாது. ஓர் அடாப்டர் கொண்டுவாருங்கள்.

அறை யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் கொக்குவிலில் கிடைத்தது. வீட்டுக்கார அன்ரி தனியாக இருந்தார். முன் அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்றில் ஏற்கெனவே ஒரு பெண். நெடுந்தீவுக்காரி, பல்கலைக்கழகத்தில் நாலாம் வருடம். என் வயதுதான். பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் இருக்கிறது என்று போனில் சொன்னதும் அம்மா குழம்பிப்போனாள். இங்கே அந்தத் திருநெல்வேலியைப் பேச்சில் தின்னவேலி என்கிறார்கள்.

முதல் நாள் அவள் சொன்ன முதல் வாக்கியமே எனக்குப் புரியவில்லை. "அந்தக் கதிரையைக் கொஞ்சம் அரக்கி விடுங்கோ." கதிரை நாற்காலி என்று ஊகித்துவிட்டேன், அரக்குவது எப்படி? நான் திகைத்து நின்றதைப் பார்த்து அவளே வந்து நாற்காலியை நகர்த்தினாள். "விளங்குதோ?" என்றாள். எங்கள் ஊரில் 'நீ விளங்கவே மாட்ட' என்பது சாபம். புரிகிறதா என்றுதான் அவள் கேட்கிறாள் என்று தெரிந்தும் நெஞ்சில் ஒரு சின்னக் குத்து விழுந்தது. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது "நீங்கள் மச்சம் சாப்பிடுவீங்களோ?" என்றாள். உடம்பில் இருக்கும் மச்சத்தைத் தவிர வேறு மச்சம் எனக்குத் தெரியாது. மீன், இறைச்சி எல்லாம் மச்சம். நாம் சைவச் சாப்பாடு என்பதை அவள் மரக்கறிச் சாப்பாடு என்றாள்.

இவையெல்லாம் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. நான் கெடுத்தது வேறு இடத்தில்.

இரண்டாம் நாள் இரவு. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெருக்கமாகிவிட வேண்டும் என்ற ஆசையில் கேட்டேன்: "போர் நடந்தப்ப உங்க குடும்பம் எங்க இருந்தது? உங்க வீட்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அவள் கை ஒரு நொடி நின்றது. மடித்துக்கொண்டிருந்த துவாயை முடித்து அலுமாரிக்குள் வைத்தாள். "எனக்கு விடிய வெள்ளன வகுப்பு இருக்கு" என்று சொல்லி லைட்டை அணைத்தாள்.

அன்புடன்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தமிழ்நாட்டில் நான் வளர்ந்த காலம் முழுக்கச் சுவரொட்டியிலும் மேடையிலும் யாழ்ப்பாணம் என்றாலே அந்த ஒரு விஷயம்தான். அதைக் கேட்பதுதான் அக்கறை என்று நம்பியிருந்தேன். அடுத்த பத்து நாளும் அவள் என்னிடம் மரியாதை குறையாமல் நடந்துகொண்டாள். "சாப்பிட்டிட்டீங்களோ?" என்பாள். "ஓம்" என்பேன், அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரே அறையில் இரண்டு பேர் இருந்துகொண்டு இவ்வளவு மரியாதையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். இணுவிலுக்குப் புறப்படும்போது ஒரு தாளில், "இன்று இரவு உங்களிடம் கட்டாயம் பேச வேண்டும்" என்று எழுதி, அவள் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான்.

இரவு ஏழு மணிக்கு வந்தேன். விறாந்தையில் அன்ரி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவள். அழுத கண். மேசை மேல் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மின்சாரக் கேத்தில், அடி கருகிப் போய்.

நான் வாய் திறக்கும் முன் அவளே தொடங்கினாள். "கேத்தில் கருகினது என்ர பிழைதான். உள்ளுக்கு வெள்ளையாப் படிஞ்சு கிடந்தது. தேசிக்காய்த் தண்ணி விட்டுக் கழுவித் தருவம் எண்டு ஓன் பண்ணிப்போட்டு மறந்திட்டன். புதுசு வாங்கித் தாறன். ஆனா அன்ரிக்கு முன்னால வைச்சுப் பேசாதேங்கோ."

"பேசாம எப்படி?" என்றேன். அவள் முகம் இன்னும் சுருங்கியது.

அன்ரிதான் அவிழ்த்துவிட்டார். "பொறு பிள்ளை. இந்தியாவில பேசுறது எண்டா கதைக்கிறது. உன்னை ஏச வரேல்ல அவ." யாழ்ப்பாணத்தில் 'அம்மா பேசினவ' என்றால் அம்மா திட்டினாள் என்று அர்த்தம். ஆக நான் காலையிலேயே, 'இன்றிரவு உன்னைக் கட்டாயம் திட்டப்போகிறேன்' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவள் பகல் முழுக்க அந்தத் தாளோடு இருந்திருக்கிறாள். தமிழ்ப் படம் பார்க்கிறவள்தானே, தெரிந்திருக்காதா என்று பிறகு கேட்டேன். "படத்தில கேக்கேக்க விளங்கும். கேத்திலைக் கருக்கிப்போட்டுக் கடதாசியில பாக்கேக்க விளங்கேல்ல" என்றாள்.

அன்று இரவு ஒரு மணி வரை கதைத்தோம். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெளியில இருந்து வாற எல்லாரும் இதைத்தான் கேக்கினம். நான் என்ன படிக்கிறன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

உண்மைதான். பன்னிரண்டு நாள் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியும் சொன்னாள். அங்கே வருகிறவர்கள் 1981இல் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் நூல்களைத் தேடி வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவள் ஏ.எல்., அதாவது நம் பிளஸ் டூ போன்றது, படிக்கும்போது பழைய வினாத்தாள்களைச் செய்து பார்க்கப் போன இடமும் அதுதான், ஒரு முழு மாதம் ஒரே மேசையில் இருந்து கணக்குச் செய்திருக்கிறாள். யாராவது உள்ளே வந்து சுவரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனால் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தோன்றும் என்றாள்.

அவள் படிப்பது புவியியல், அதிலும் கிணறுகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது, அதை எல்லோரும் கிணற்றில் எடுக்கிறார்கள். கேத்திலில் வெள்ளையாகப் படிந்தது அந்தச் சுண்ணாம்புதான். அவள் ஊரான நெடுந்தீவில் இன்னும் நுட்பம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு என்பதால் நிலத்தடியில் அதன் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதே கணக்குத் திரும்பியும் அடிக்கும். மேலே ஒரு அடி இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். மோட்டர் போட்டு ஓயாமல் இறைத்தால் கிணறு சவராகும், உப்புக் கரிக்கும். இதைச் சொல்லும்போது அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கையால் மேலேயும் கீழேயும் அளந்து காட்டினாள். காவிரித் தண்ணீரை வாய்க்காலில் பார்த்து வளர்ந்த எனக்கு, கண்ணுக்குத் தெரியாமல் உப்பின் மேல் மிதக்கிற நீர் என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் என் தலையைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து முடி கயிறுபோல் முறுக்கிக் கிடந்தது, சோப்பு நுரைக்கவே இல்லை. "நீர் இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தேசிக்காயை, நம் எலுமிச்சையைத்தான், பிழிந்து, கடைசியாக அதை ஊற்றித் தோயச் சொன்னாள். முடி இளகியது. ஆனால் என் மனம் அந்த 'நீர்' என்ற சொல்லில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் 'நீர்' நாடக மேடையில்தான் கேட்கும். இங்கே அது 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் நடுவில் இருக்கும் இடம், சம வயதுக்காரர்கள் புழங்கும் சொல். வாரும், இரும், சாப்பிடும். அன்றிலிருந்து எனக்கு 'நீங்கள்' போய்விட்டது.

பத்தரமுல்லைக்கு என்னைத் தனியாக விடவில்லை. வதிவிட விசாவுக்காகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும், கொழும்புக்கு வெளியே. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது கொழும்பு. பல்கலைக்கழகக் கடிதம், கடவுச்சீட்டு, அதன் பிரதிகள், படங்கள், கட்டணக் காசு எல்லாவற்றையும் முதல் நாளே அவள் ஒரு உறையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு பிரதி வைத்தாள். அது கைகொடுத்தது. எந்த வரிசை, எந்த யன்னல் என்பதையெல்லாம் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கேட்டாள். அவளுக்கும் அது சுலபமான மொழி இல்லை. தன் வேலை நாள் ஒன்றைச் செலவழித்து, தனக்குக் கூச்சமான மொழியில், எனக்காகக் கேட்டுக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் தலை வைத்து அனுராதபுரம் தாண்டும் வரை நித்திரை.

அதற்குப் பிறகு அறையில் சில ஒழுங்குகள் தாமாகவே அமைந்தன. வெள்ளிக்கிழமை இருவருக்கும் மரக்கறி. காலையில் பாண் என்கிற பிரெட்டும் சம்பலும் அவள் பொறுப்பு. ஞாயிறு சாம்பார் என்னுடையது. என் சாம்பாரை அவள் தன் தேங்காய்ப்பால் சொதியோடு ஒப்பிட்டுச் சொதிக்கே மதிப்பெண் போடுவாள், இதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். கே.கே.எஸ். எனப்படும் காங்கேசன்துறை வீதியில் இணுவில் வரை மிதித்துப் போய், தவில்காரர் வீடுகளில் உட்கார்ந்து கேட்பேன். அங்கேயும் என் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். என்ன வாசிக்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள், இப்போது யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று தொடங்குவேன். மற்றவை வர வேண்டிய நேரத்தில் அவர்களாகச் சொல்லும்போது வந்தன.

அவள் விஷயத்திலும் அப்படித்தான். ஐந்தாம் மாதம் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை வரை, அங்கிருந்து ஒரு மணி நேரம் படகு. கரை மறைந்ததும், நான் கேட்காமலே, குமுதினிப் படகைப் பற்றிச் சொன்னாள். 1985 மே 15ஆம் தேதி இந்தக் கடலில் அந்தப் படகில் போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊரில் வருடந்தோறும் அந்த நாளில் விளக்கேற்றுகிறார்கள். அவள் வீட்டைத் தொட்ட பகுதியையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பையில் இருந்த பயணத்துக்கான கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன், இருவரும் தின்றோம்.

தீவில் வேலிக்குப் பதில் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள், புல்வெளியில் குதிரைகள். அவள் அம்மா நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து தனியாக ஒரு குடம் எடுத்துவைத்திருந்தார், எனக்குத் தேத்தண்ணி போட. அந்த ஒரு குடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மெதுவாகக் குடித்தேன்.

இருட்டிய பிறகு கிணறு அளக்கப் போனோம். பகலில் எல்லோரும் அள்ளுவதால் இரவில்தான் நீர்மட்டம் சரியாகத் தெரியுமாம். அவள் கிணற்றுக் கட்டின் மேல் குப்புறப் படுத்து அளவு நாடாவை உள்ளே இறக்கினாள். நான் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"எடி, டோர்ச்சை இஞ்சால பிடி" என்றாள் உள்ளேயிருந்து.

பிடித்தேன். நான்கு மீற்றர், பன்னிரண்டு சென்ரிமீற்றர் என்று வாசித்தாள். எழுதிக்கொண்டேன்.