ஏலத்தோட்டத்துக்கு ஒரு ஜிப்சி

ஏப்ரல் 6, 2025

கேரளாவில் பூப்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் மண்பாதை. காய் பறிக்கும் நாட்களில் வாடகை ஜீப் கிடைக்காமல் போடிநாயக்கனூரில் காத்துக் கிடந்தது போதும், நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். அப்பாவுக்கு மஹிந்திரா டீசல் ஜீப்தான் வேண்டும். போடியில் எந்தப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்து மாட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மனசு மாருதி ஜிப்சி பக்கம். ஏறக்குறைய ஒரு டன் எடைதான். கனத்த வண்டி புதையும் சேற்றை இது தாண்டிப் போய்விடும்.

ஏப்ரல் 13

ஒரு டீசல் ஜீப் பார்த்தோம். புது பெயின்ட், கண்ணாடி மாதிரி மினுங்கியது. பையில் இருந்த காந்தத்தைக் கதவுக்குக் கீழே வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே தகரமே இல்லை, எல்லாம் பட்டிப் பூச்சு. அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார்.

ஏப்ரல் 20

கடற்கரை ஊரில் ஓடிய ஜிப்சி. எஞ்சின் அருமையாக இருந்தது. கீழே படுத்துப் பின்பட்டையை (பின்பக்க ஸ்பிரிங்) சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்து முகத்தில் விழுந்தது. எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், கியர் பாக்ஸ் மாற்றலாம். சேஸிஸ் அரித்துப்போன வண்டியை மலைக்கு ஏற்றவே கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 2

கம்பம் ஊரில் கிடைத்துவிட்டது. 2003 ஜிப்சி கிங், பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் எம்பிஎஃப்ஐ எஞ்சின். பழைய கார்புரேட்டர் வண்டி செங்குத்தாகச் சாயும்போது கார்புரேட்டருக்குள்ளே பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் திணறும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆர்சி புத்தகத்தில் சேஸிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். 15 வருடம் முடிந்த வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். 2018, 2023 இரண்டு முறையும் செய்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததில் ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடியது. அதைக் காட்டி விலையைக் குறைத்தோம்.

மே 10

பட்டறை. ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் டேம்பர் ஒன்று போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். “கிங்பின் பேரிங் போயிருக்கு தம்பி. டேம்பர் போட்டா ஆட்டம் தெரியாது, தேய்மானம் நிக்காது.” முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சுதான் கிங்பின், அதன் நாலு பேரிங்கும் மாற்றினோம். சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைப் பிரிக்கும்போது கிரீஸோடு கியர் ஆயில் கலந்து கூழாக வந்ததால் உள் சீலும் மாற்ற வேண்டியதாயிற்று.

மே 24

கேரளாவில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. வேலையை முடுக்கினோம். எஞ்சின் ஆயில் தவிர கியர் பாக்ஸ், இழுவையை முன்னும் பின்னும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு ஹவுசிங், பின் அச்சு ஹவுசிங் என்று நாலு இடத்திலும் ஆயில் மாற்றியாகிவிட்டது. பின் ஹவுசிங்கில் வடிந்தது பால் விட்ட டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்று போகும் பிரீதர் மண்ணால் அடைபட்டிருந்ததுதான் காரணம். சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் வழியாகக் காற்று வர முடியாவிட்டால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரண்டு பிரீதருக்கும் ரப்பர் குழாய் மாட்டி மேலே தூக்கிக் கட்டினோம்.

ஜூன் 15

முதல் பயணம். போடிமெட்டு வளைவுகளைப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவிலேயே ஏறினேன். முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

மண்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி முன்சக்கர ஹப்புகளை லாக் செய்தேன், அப்போதுதான் முன்சக்கரமும் இழுக்கும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். வண்டியை நிறுத்தி, நாலு சக்கரமும் மெதுவாகப் பலத்தோடு இழுக்கும் ஃபோர் லோ போட்டேன். பள்ளம் விழுந்த திருப்பத்தில் முன் இடதும் பின் வலதும் பிடிமானம் இல்லாமல் சுற்றின, வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குழிதான் ஆழமாகும் என்று உடனே காலை எடுத்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஓடிவந்து, “பின்னாடி கல்லு வைக்கட்டுமா தம்பி?” என்றார். நான் இறங்கிப்போய் இரண்டு தட்டைக் கல்லை டயருக்கு அடியில் திணித்தேன். முதல் கியரில் மெல்ல விட்டதும் கல்லைக் கவ்வி ஏறிவிட்டது. அப்பா முன் சீட்டில் கம்பியைப் பிடித்தபடியே, “பரவாயில்லையேடா” என்றார்.

ஜூன் 16

வழியில் ஓடை தாண்டியதால் இன்று பின் ஹவுசிங் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். ஆயில் தெளிவாக இருக்கிறது. இரண்டு விரலில் தேய்த்ததில் உலோகத் தூளும் தட்டுப்படவில்லை. பிளக்கை மாட்டி, சேறு கழுவி, புரொப்பல்லர் தண்டின் கிராஸ் மூட்டு எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை புது கிரீஸ் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்பட்டையின் ரப்பர் புஷ் பார்க்க வேண்டும்.