தீர்ப்பில் விட்டுப்போன ஒரு ‘ப்’

பத்தொன்பது வயதில், சனிக்கிழமை சாயங்காலமானால் பேருந்து நிலையத்தில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுக்கப் போவோம். மூன்று பேர். கட்டு தீராமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி. அதனால் வண்டி கிளம்புகிற நேரம் பார்த்து ஜன்னல் வழியாகத் திணிப்போம். வாங்கியவர்களில் பலர் அதை வைத்து இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். அதையும் ஊழியக் கணக்கில்தான் எழுதினோம்.

பிரதியின் முகப்பில் செக்கச்செவேலென்று நெருப்பு. அதற்கு மேலே கொட்டை எழுத்தில், ‘நியாயத்தீர்பு நாளுக்கு நீ ஆயத்தமா?’

ஒரு பெரியவர் வாங்கி, நின்ற இடத்திலேயே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாலு பக்கத்தையும் படித்தார். அதுவரை யாரும் என் முன்னால் நின்று முழுசாகப் படித்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்ததும் பேனாவை எடுத்து, முகப்பில் எதையோ செருகி, பிரதியை என்னிடமே நீட்டினார்.

“தீர்ப்புல ஒரு ‘ப்’ விட்டுப்போச்சு தம்பி.”

அசடு வழியச் சிரித்தேன்.

“இதுல போட்டிருக்குற நெருப்பு நிஜம்னு நம்புறியா?”

“நம்புறேன் ஐயா.”

“அப்புறம் எப்படிச் சிரிச்சுக்கிட்டே குடுக்குற?”

வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அன்று ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ‘பிசாசின் தந்திரம்’ என்று ஒரு அண்ணன் முடித்துவைத்தார். எனக்கு அது முடியவில்லை. கொஞ்ச நாளில் கைப்பிரதியை நிறுத்தினேன். பிறகு நியாயத்தீர்ப்பு என்ற சொல்லையே நிறுத்தினேன். அன்பைப் பற்றி மட்டும் பேசினேன். யாருக்கும் என்மேல் கோபம் வரவில்லை. எனக்கும் சௌகரியமாக இருந்தது. ஆனால் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்கிற யோவான் 3:16-ஐ மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, விசுவாசியாதவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு என்கிற 18-ஆம் வசனத்துக்கு முன்னால் எத்தனை காலம் பிரேக் போட முடியும்? எதிலிருந்து இரட்சிப்பு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதிலே கிடையாது.

என்னை மறுபடி பேச வைத்தது பைபிளில் அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரம். செசரியாவில் அப்போஸ்தலனாகிய பவுல் கைதி. ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ் நீதிபதி. பக்கத்தில் அவன் மனைவி துருசில்லாள். எமேசாவின் ராஜாவான அசீசுவை விட்டுவிட்டு பேலிக்ஸிடம் வந்தவள் அவள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பேருக்கு முன்னால் பவுல் எடுத்த பொருள் மூன்று: நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு. இதைவிட ஆபத்தான மூன்றை அந்த அறையில் தேர்ந்தெடுக்க முடியுமா என்ன! பேலிக்ஸ் பயந்துபோய், சமயம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான்.

பிரசங்கங்களில் இதோடு நிறுத்திவிடுவோம், ‘தள்ளிப்போடாதே’ என்று. அடுத்த வசனத்தில்தான் எனக்கு விஷயம் இருந்தது. பவுல் பணம் கொடுப்பான் என்று எதிர்பார்த்து பேலிக்ஸ் அவனை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். இரண்டு வருஷம். கடைசியில், யூதரைத் திருப்திப்படுத்துவதற்காக, அவனைக் கட்டுண்டவனாகவே விட்டுவிட்டுப் போனான்.

லஞ்சம் கொடுக்காததால் தீர்ப்பே வராமல் உள்ளே கிடக்கிறவனுக்கு, நேர்மையான நீதிபதி ஒருவர் இருக்கிறார், அவர் ஒரு நாளைக் குறித்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! நான் பேருந்து நிலையத்தில் அதை நீதிபதி மேடையில் ஏறி நின்றுகொண்டு கொடுத்தேன். பவுல் குற்றவாளிக் கூண்டிலிருந்து சொன்னான். நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்போம் என்று ரோமருக்குக் கடிதம் எழுதியபோதும் தன்னையும் சேர்த்துத்தான் எழுதினான். என் பிரதியில் ‘நீ ஆயத்தமா?’ என்று இருந்தது. ‘நாம்’ அதில் எங்குமே இல்லை. பெரியவர் பேனாவுக்கு அந்தப் பிழை அகப்படவில்லையா, அதைத்தான் அந்தக் கடைசிக் கேள்வியில் கேட்டாரா?

ஸ்காட்லாந்துப் போதகர் மெக்ஷேன் (29 வயதிலேயே, 1843-இல் இறந்துபோனார்) பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். நரகத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன் என்றாராம் நண்பர். அதை உருக்கத்தோடு பிரசங்கிக்க முடிந்ததா என்று மட்டும் கேட்டாராம் இவர். இதை முதலில் படித்தபோது எனக்குக் காதில் விழுந்தது பெரியவரின் குரல்.

இப்போது பேசுகிறேன், ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து. போன மாதம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர், “சாமி கணக்குப் பாக்கும்னு பயமா இருக்கு” என்றார். எனக்கும் அந்தப் பயம் உண்டு, என் கணக்கை இயேசு எடுத்துக்கொண்டார் என்று நம்புவதால்தான் தூங்குகிறேன் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அந்தக் கைப்பிரதி அடுத்த முறை அச்சாகும்போது ‘ப்’ சேர்த்தோம். நெருப்புப் படத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்குக் குழுவில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இன்னும் இருக்கிறது. ‘நீ’ என்பதை ‘நாம்’ ஆக்க மட்டும் சம்மதம் வாங்கினேன்.