திருப்படியில் வைத்த வாள்

நாங்கள் வாடகைக்கு எடுக்கும் ராஜா உடைக்கு ஆள் வேறுபாடு கிடையாது. ராஜராஜனுக்கும் கட்டபொம்மனுக்கும் போகும் அதே சரிகை வெல்வெட் அங்கியும் அட்டைக் கிரீடமும்தான் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் வரும். பள்ளிகளில் அவர் வேடம் கட்டத் தொடங்கிய முதல் ஆண்டு நானும் அதையே அணிந்தேன். வியர்வையில் நைந்த கிரீடம் நெற்றியில் ஒட்டிக்கொண்டதைத் தவிர, அந்த அரசரைப் பற்றி அது எனக்கு எதையும் சொல்லவில்லை.

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையை நிதானமாகச் சுற்றிப் பார்த்த பிறகு, ஓடு வேய்ந்த அந்த மரமாளிகையில் வெல்வெட்டுக்கு இடமில்லை என்று தோன்றியது. 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கிறது. எங்கள் நாடகத்திலும் கைதட்டல் விழுவது அந்தக் காட்சிக்குத்தான். எனக்கோ 1750ஆம் ஆண்டுக் காட்சிதான் உயிர். நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, வாளைக் கோயில் திருப்படியில் வைத்து, பத்மநாபதாசனாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம் அது. தலைப்பாகையைக் கழற்றி, வெறும் வேட்டியோடு நிற்பேன். வைக்கும்போது வாள் சத்தமிடாதிருக்க ஒரு மாதம் பழகினேன், தகர வாளாயிற்றே.

நட்டாலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாடகம் முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "ஒங்க ஆட்சியிலதானே தேவசகாயத்தச் சுட்டாவ?" என்று கேட்டாள். அவ்வூரில் பிறந்து, அரண்மனைப் பணியில் இருந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியின் காற்றாடி மலையில் சுடப்பட்ட அவர், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர், நான் சற்று முன் மண்டியிட வைத்த அதே டிலனாய்.

வேடத்தை விட்டு இறங்கக் கூடாது என்ற பழைய பிடிவாதத்தில், "அது அரச கட்டளை" என்று முழங்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், அவள் தட்டவில்லை. அந்தக் கைதட்டலை நான் வாங்கியிருக்கக் கூடாது.

இப்போதெல்லாம் கேள்வி நேரத்துக்கு முன் மேடையிலேயே மீசையைப் பிய்த்தெடுத்து, சட்டையும் மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். சில தலைமை ஆசிரியர்களுக்கு இது பிடிப்பதில்லை. ராஜாவாகவே பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். குளச்சல் போர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.